இளைஞரும் வாடகை வீடும்

நம் கல்லூரியிற் கற்று வெளியேறி உழைக்கத் தொடங்கிய இளைஞர் சிலர், முதலிற் சேர்த்த பொருளைக்கொண்டு வீடொன்றை வாங்கி வாடகைக்கு விட விரும்புகின்றனர். விருப்பம் நன்றே; ஆயினும் கணக்கறிந்து இறங்குதல் வேண்டும்.

ஒரு கோடி ரூபா விலையுள்ள வீடொன்று மாதம் 40,000 ரூபா வாடகை தருமெனக் கொள்வோம். ஆண்டு வருவாய் 4,80,000 என மகிழ்தல் தவறு. வீடு பூட்டிக்கிடக்கும் ஒரு மாதத்துக்கு 40,000, சோலைவரிக்கும் கூரை, கிணறு முதலியவற்றின் திருத்தத்துக்கும் 80,000 கழிப்பின், எஞ்சுவது 3,60,000. அஃதாவது நூற்றுக்கு 3.6. இதனினும் மிகுந்த வட்டிக்கு முழுத்தொகையையும் கடன்பெறுவோர், தம் சம்பளத்திலிருந்தும் வட்டி இறுக்க நேரும்.

அடுத்தது உறுதி. தேசவழமைக்குட்பட்ட காணியிற் பிரிக்கப்படாத பங்கை வாங்குமுன், அதனை முதலில் வாங்குதற்கு ஏனைய பங்காளர்க்குள்ள உரிமையை விசாரித்தறிதல் வேண்டும். வாடகைக்கு விடும்போதும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தவணைக்குரிய குத்தகை, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிடிற் செல்லாது. உறவினர்தாமே என வாய்ச்சொல்லை நம்பி வீட்டைக் கொடுத்து, உறவையும் இழந்தாரை நாம் அறிவோம்.

ஈற்றில் ஒன்று. மாதம் 3,000 ரூபா கூட்டிக் கேட்டு நல்ல குடியிருப்பாளரை இழப்பின், ஒரு மாதம் வீடு வெறுமையாய்க் கிடந்தாலே அவ்வாண்டின் ஏற்றம் முழுவதும் போய்விடும். ஒழுக்குக் கண்ட அன்றே கூரையைத் திருத்திக் கொடுப்பவர்க்கு நல்ல குடியிருப்பாளர் நிலைப்பர். குடியிருப்பார் மனநிறைவே வீட்டுக்காரரின் முதலாம்.