அடக்கக் கூடாதது எது? அடக்க வேண்டியது எது?



"ஆயுர்வேதமா? அது பணக்காரங்க எண்ணெய் தேச்சிக் குளிக்கிற வைத்தியமாச்சே!" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அப்படியல்ல. ஆயுர்வேதம் என்றால் ஆயுளைப் பற்றிய அறிவு என்று பொருள். மருந்து கொடுப்பது அதில் ஒரு பகுதிதான். உண்பது, உழைப்பது, உறங்குவது எல்லாமே அதில் அடங்கும்.

உடலை வாதம், பித்தம், கபம் என்ற மூன்றும் நடத்துகின்றன. அவை சமமாக இருந்தால் சுகம், ஒன்று மிஞ்சினாலும் குறைந்தாலும் நோய் என்பது அதன் அடிப்படை. நம் சித்த வைத்தியமும் இம்மூன்றையே பேசுகிறது. இன்றைய மருத்துவம் இந்தக் கணக்கை அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் அன்றாட வாழ்வுக்கு அந்த முன்னோர் சொன்ன சில விதிகள் இன்றும் நமக்குப் பயன்படும்.

முதல் விதி, ஆகாரம். வயிற்றில் இரண்டு பங்கு சாப்பாடு, ஒரு பங்கு தண்ணீர், மீதி ஒரு பங்கு காலியாக இருக்கட்டும் என்றார் வாக்படர். என்ன சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். இதற்குச் சான்று நம் நெகிரி செம்பிலானிலேயே உண்டு. அந்தக் காலத்தில் கால் வீங்கி, மரத்து, ஆளையே கொல்லும் பெரிபெரி நோய் இங்கே பரவியது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களை அது அதிகம் அண்டவில்லை என்பதைச் சிரம்பானில் பணியாற்றிய டாக்டர் பிரட்டன் கவனித்தார். பிறகு ஜெலுபு வட்டாரத்து டுரியான் தீப்புசில், 1907இல், சுமார் 300 ஜாவானியச் சாலைத் தொழிலாளர்களிடம் டாக்டர்கள் பிரேசரும் ஸ்டாண்டனும் சோதித்தார்கள். தீட்டிய வெள்ளையரிசி தின்றவர்களுக்கே நோய் வந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்குவதே காரணம். அதற்காகப் புழுங்கல் சோற்றை மலைபோல் குவித்துச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. இனிப்புநீர் உள்ளவர்கள் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

இரண்டாம் விதி, இயற்கை வேகங்களை அடக்காதே. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம் என 13 வேகங்களைச் சரக சங்கிதை குறிப்பிடுகிறது. இதைப் படிக்கும்போது செம்பனைக் காட்டில் வேலை செய்யும் நம் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். "ஒதுங்க இடமில்லீங்க, அதான் தண்ணியே குடிக்கிறதில்ல" என்கிறார்கள். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு வாய் தேத்தண்ணி, அப்புறம் மதியம்வரை ஒன்றுமில்லை. விளைவு? நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல், வெயிலில் மயக்கம். கடும் வெயிலில் வேலை செய்பவர் இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை தண்ணீராவது குடிக்க வேண்டும். (இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) வேலையிடத்தில் நல்ல தண்ணீரும் கழிவறையும் கேட்பது சலுகை கேட்பதாகாது. தொழிலாளர் நலனுக்குப் போதிய வசதி செய்வது முதலாளியின் கடமை என 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. வெட்கப்படாமல் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் விதி, அடக்க வேண்டியதை அடக்கு. பேராசை, கோபம், பொறாமை ஆகியவற்றை அடக்கச் சொல்கிறது அதே நூல். கூலி வாங்கிய அன்று சாராயத்தில் கோபத்தைக் கரைத்துவிட்டு, வீட்டில் வந்து கொட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மூட்டுவலிக்கென்று சந்தையில் விற்கும் சில 'நாட்டு மருந்து'களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. வலி சட்டென்று போகும். பிறகு முகம் வீங்கும், சீனி ஏறும், எலும்பு தேயும். சில பஸ்ப மருந்துகளில் ஈயமும் பாதரசமும் உண்டு. பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்று முடியும் பதிவு எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். "வேர் சாப்பிடறேன், ஆஸ்பத்திரி மாத்திரை எதுக்கு?" என்று சீனி மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். வேறு மருந்து எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாளைக் காலை பெரட்டுக்குப் புறப்படும்போது கத்தியோடு ஒரு போத்தல் தண்ணீரையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே நல்ல தொடக்கம்.