தரவுத்தளக் கட்டமைப்பைப் பாதுகாத்தல்

தரவுத்தளமொன்றை எவ்வாறு பாதுகாக்கலாம் எனக் கேட்டால் மாணவர் பலர் "கடவுச்சொல் இடலாம்" என ஒரே வரியில் முடித்துவிடுவர். பிழையன்று, ஆனால் அது அரைவாசி விடைதான்.

பாடசாலை நூலகத் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். நூலொன்றை இரவல் கொடுத்ததைப் பதிவது தரவில் செய்யும் மாற்றமாகும். புலமொன்றை நீக்குதல், தரவு வகையை மாற்றுதல், வினவலைத் திருத்துதல், படிவத்தின் பின்னாலுள்ள குறிமுறையில் கைவைத்தல் என்பன கட்டமைப்பில் செய்யும் மாற்றங்களாகும். முன்னையதில் தவறினால் பெரும்பாலும் ஒரு பதிவு கெடும். பின்னையதில் அட்டவணை முழுவதுமே கெடலாம்.

நூற்பெயர் என்னும் புலத்தின் அளவு 50 எனக் கொள்க. ஒருவர் வடிவமைப்புத் தோற்றத்தில் அதனை 10 ஆக்கிச் சேமிக்கிறார். சில தரவுகள் இழக்கப்படலாம் என எம்.எஸ். அக்சஸ் எச்சரிக்கும். வாசிக்காமல் "ஆம்" என்பதை அழுத்தினால் நீண்ட பெயர்கள் யாவும் பத்து வரியுருக்களுடன் வெட்டுப்படும். (யுனிக்கோட்டில் "நூ" என்பதே இரண்டு வரியுருக்கள். ஆகவே தமிழ்ப் பெயர்களில் மிஞ்சுவது இன்னும் குறைவு.) காப்புப்பிரதி இல்லையெனில் அப்பெயர்களை மீண்டும் தட்டச்சுச் செய்யவேண்டியதுதான்.

கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் வெளியாரையே தடுக்கும். அதனை அறிந்த நூலக உதவியாளர் வடிவமைப்பையும் திறக்கலாம். அக்சஸ் 2007 உடன் வந்த ஏசிசிடிபி கோப்பு வகையில், பயனருக்குப் பயனர் வேறுபட்ட அனுமதி வழங்கும் வசதி இல்லை.

இதற்கு ஒரு வழி, கோப்பை ஏசிசிடிஈ வகையாகச் சேமித்து அதனையே பயனருக்குக் கொடுப்பதாகும். அதில் குறிமுறையைப் பார்க்கவோ திருத்தவோ முடியாது. படிவங்களினதும் அறிக்கைகளினதும் வடிவமைப்பையும் மாற்ற முடியாது. ஆனால் அட்டவணைகளும் வினவல்களும் இன்னும் திறந்தே இருக்கும். இதனைப் பலர் கவனிப்பதில்லை. மூல ஏசிசிடிபி கோப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அது தொலைந்தால் உரிமையாளராலும் படிவத்தைத் திருத்த முடியாது.

அட்டவணைகளை வேறு கோப்பில் வைத்து இணைத்தால், முன்னிலைக் கோப்பிலிருந்து அவற்றின் புலங்களை மாற்ற முடியாது. எனினும் அந்த மற்றைய கோப்பை நேரே திறக்க வழியிருந்தால் பயனில்லை.

மைஎஸ்கியூஎல், ஒராக்கிள் போன்ற சேவையகத் தரவுத்தளங்களில் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி அனுமதி உண்டு. "கிராண்ட்" கட்டளை அனுமதியை வழங்கும், "ரிவோக்" மீளப்பெறும். நூலக உதவியாளருக்குத் தரவைப் பார்க்கவும் சேர்க்கவும் இற்றைப்படுத்தவும் அனுமதி போதும். கட்டமைப்பை மாற்றும் "ஓல்ற்றர்", அழிக்கும் "ட்ரொப்" ஆகியன தரவுத்தள நிருவாகியிடமே இருக்கவேண்டும்.

மாதிரி வினா: ஏசிசிடிஈ கோப்பொன்றில் பயனர் மாற்றக்கூடியது எது?
(1) படிவ வடிவமைப்பு (2) அறிக்கை வடிவமைப்பு (3) அட்டவணையின் புலம் (4) குறிமுறை

விடை: (3)