கவ்வாத்து மலையில் தொலையும் கத்தி

கேள்வி: தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறேன். பின்னேரம் லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் லீக்ஸ், கரட் போட்டிருக்கிறேன். கயிறு அறுக்க, உரமூடை பிரிக்க ஒரு வில்லுக்கத்தி வைத்துக்கொள்வேன். வாங்குவதும் தொலைப்பதுமாகவே இருக்கிறது. வீட்டில் ஏச்சு தாங்க முடியவில்லை. வழி உண்டா?
– வாசகர், டிக்கோயா

பதில்: கவ்வாத்துக் கத்தி தொலைந்தது என்று இவர் எழுதவில்லை. கவனிக்க வேண்டியது அதுதான். அது பெரிது, வளைந்தது, மலைக்கு ஏறியது முதல் வேலை விடும்வரை கையிலேயே இருப்பது. தொலைவதெல்லாம் ஒரு நிமிட வேலைக்கு எடுக்கும் சின்னக் கத்தி. உரமூடையின் தையலைப் பிரித்தாயிற்று. மூடையைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். கத்தி பக்கத்துத் தேயிலைத் தூரின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மட்டக்கம்பு வைத்துக் கொழுந்தெடுத்த தூர், எதையாவது வை என்று மேசை போலக் காத்திருக்கும். வைத்தது கிளைக்குள் நழுவி அடியில் விழுந்துவிட்டால், உயர்நிலத் தோட்டங்களில் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அடுத்த கவ்வாத்தில்தான் முகம் காட்டும். அதுவும் துருப்பிடித்து.

தூர் மேல் விட்டுவந்த கத்தியால் வேறு தொல்லையும் உண்டு. கத்தரியாலோ இயந்திரத்தாலோ கொழுந்து வெட்டும் மலையில் அது அலகை உடைக்கும். தொழிற்சாலைகளில் தேயிலையிலிருந்து இரும்புத் துண்டுகளைப் பிரிக்கக் காந்தம் வைத்திருப்பது இப்படியான சமாச்சாரங்களுக்காகவும்தான்.

ஆக, பொக்கட்டிலிருந்து விழுந்து தொலைவதைவிட, வைத்த இடத்தில் மறந்து தொலைவதே அதிகம். எவ்வளவு ஆழமாகப் பொக்கட் தைத்தாலும் இதற்கு மருந்தாகாது. கத்தியை ஆளோடு கட்டிப்போட வேண்டும். பாய்மரக் கப்பல் மாலுமிகள் கத்தியைக் கயிற்றில் கட்டிக்கொண்டே மரமேறினார்கள். கைநழுவினால் ஒன்று அது கடலுக்குள் போகும், இல்லாவிட்டால் கீழே நிற்பவன் தலையில் இறங்கும். சரிவான மலையிலும் கீழ் வரிசையில் ஆள் நிற்பதுண்டு.

பல வில்லுக்கத்திகளின் பிடி முனையில் ஒரு வளையமோ துளையோ இருக்கும். அதில் மெல்லிய நைலோன் கயிற்றைக் கோத்து, மறுமுனையை பெல்ட்டில் கட்டினால் போதும். இடுப்பிலிருந்து கையை முழுக்க நீட்டினால் எட்டுகிற நீளம் சரி. அதற்கு மேல் விட்டால் கிளையில் மாட்டி இழுக்கும். வேலை முடிந்ததும் மிச்சக் கயிற்றையும் கத்தியோடு பொக்கட்டுக்குள் திணித்துவிட வேண்டும். கழுத்தில் மாலையாகப் போடுகிற பழக்கம் மட்டும் கூடவே கூடாது. மழையில் வழுக்கி விழும்போது கயிறு கிளையில் மாட்டினால் கழுத்தை நெரித்துவிடும். மணிக்கட்டில் கட்டுவதும் நல்லதல்ல, விரித்த கத்தி நழுவினால் ஊசலாடி அந்தக் கையையே வெட்டும். எங்கே கட்டினாலும், வெட்டி முடித்த கையோடு மடக்கிவிட வேண்டும்.

கயிறு மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கட்டும். கறுப்புப் பிடியும் மரப்பிடியும் கவ்வாத்து முடிந்த மலையின் குச்சி, சருகோடு கலந்துவிடும். சுவிஸ் கத்தியின் சிவப்புப் பிடி பனியில் விழுந்தாலும் கண்ணில் படும் என்பார்கள். இங்கே அந்த வேலைக்கு மஞ்சள்.

பொக்கட் விளிம்பில் மாட்டும் கிளிப் வைத்த கத்திகள் இப்போது கடைகளில் நிறைய. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-ல் இப்படியொரு கத்தியைக் கொண்டுவந்த பிறகுதான் இது பரவியது. தடித்த ஜீன்ஸுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் அடர்ந்த தேயிலை வரிசைக்குள் உரசிக்கொண்டு நடப்பவருக்கு, கிளையே கிளிப்பைப் பிடித்துக் கத்தியை உருவிவிடும். சாரக்கட்டில் அது நிற்கவே நிற்காது.

சாரத்தின் மடியில் செருகுவது இன்னும் மோசம். கண்டி இராச்சியத்துப் பிரபுக்கள் வேலைப்பாடு மிக்க ‘பிஹா கெத்த’ கத்தியை, ஏட்டில் எழுதும் எழுத்தாணியோடு ஒரே உறையில் போட்டு இடுப்பில்தான் செருகினார்கள். ஆனால் அவர்கள் கான் வெட்டக் குனிந்தவர்கள் அல்லர்.

கேள்வி: என் மாமி மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும்போது, மடங்காத கத்தியைத் துணியில் சுற்றி இடுப்புப் படங்கில் செருகிக்கொள்கிறார். இரண்டு தடவை விழுந்துவிட்டது. பயமாக இருக்கிறது.
– வாசகி, நானுஓயா

பதில்: பயம் நியாயமானது. துணி வெட்டுப்படும், ஈரத்தை வேறு பிடித்துவைக்கும். தோலுறைக்கும் நுவரெலியாப் பக்கத்துக் குளிரும் மழையும் ஒத்துவராது: பூஞ்சணம் பிடிக்கும், உள்ளே கத்தி துருப்பிடிக்கும்.

தண்ணீர் வேலையில் மிஞ்சிய அரை அங்குல பிவிசி குழாயில் ஒரு துண்டு போதும். கத்தியின் அலகைவிட விரலளவு நீளமாக வெட்டி, கொதிக்கும் தண்ணீரில் போட்டால் இளகும். இடுக்கியால் எடுத்து இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தட்டையாகும், ஓர் அங்குல அகல அலகு நுழையும். நெருப்பில் காட்டக் கூடாது, கருகினால் நச்சுப் புகை வரும். வாய்ப்பக்கம் கத்தி சற்றே இறுகி நிற்கும்படி அழுத்தி, அடிமுனையை மடித்து, தண்ணீர் வடிய ஒரு துளை போட வேண்டும். மேல் பக்கத்தில் இரண்டு துளையிட்டு பெல்ட்டில் கட்டலாம். விலாப்புறமாகத் தொங்கட்டும், முன்னால் இருந்தால் குனியும்போது வயிற்றில் இடிக்கும், பின்னால் இருந்தால் வழுக்கி விழும்போது முதுகெலும்பில் குத்தும்.

கேள்வி: வேலை முடிந்து அதே கத்தியோடு அட்டன் டவுனுக்கு பஸ் ஏறலாமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: வேண்டாம். இலங்கையில் கத்திகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று காலனிக் காலந்தொட்டே உண்டு. மலையில் அது வேலைக்கருவி என்று எவருக்கும் தெரியும்; டவுனில் பொலிஸ் கேட்டால், எதற்கு என்று இவர்தான் விளக்க வேண்டியிருக்கும். கண்டி தலதா மாளிகைக்குள் சோதனையில்லாமல் விடமாட்டார்கள். வெளிநாட்டு வேலைக்குக் கட்டுநாயக்க போகிறவர்கள், கத்தியைக் கைப்பையில் வைக்காமல், விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வைப்பது நல்லது. கைப்பையில் இருந்தால் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள்.