கல்யாண வீட்டு எக்ஸ்பிரஸோ

புதுக்கோட்டையிலோ ஆலங்குடியிலோ கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால், பன்னீர் தெளிக்கும் இடத்தைத் தாண்டியதும் ஆவி சீறும் மெஷின் ஒன்று நிற்கும். காகிதக் கப்பில் வெள்ளை நுரை, அதன் மேல் சாக்லேட் பொடி. "எக்ஸ்பிரஸோ காபி குடிச்சீங்களா?" என்று பெண் வீட்டார் விசாரிப்பார்கள். இந்தக் காபியையும் இதன் சொந்தக்காரக் காபிகளையும் பற்றி நம்மிடையே உலவும் கதைகளில் துறவியும் ஞானியும் இருக்கிறார்கள். மெஷினைச் செய்தவர்களும் செடி நட்டவர்களும் இல்லை. அவர்களைச் சொல்லத்தான் இந்தப் பத்தி.

"மண்டபத்தில் கொடுப்பதுதான் இத்தாலிக்காரர்களின் எஸ்பிரசோ."

இல்லை. மண்டபத்தில் நடப்பது இதுதான்: இன்ஸ்டன்ட் காபித் தூளும் சர்க்கரையும் கப்பில் போட்டு, பாலை ஊற்றி, மெஷினின் குழாயை உள்ளே விட்டு ஆவியைத் திறக்கிறார்கள். ஆவி பாலைச் சூடாக்கி நுரைக்க வைக்கிறது. காபி அங்கே இறங்குவதே இல்லை. தொழிற்சாலையில் முன்பே இறக்கி உலர்த்திய தூள் கரைகிறது, அவ்வளவுதான்.

எஸ்பிரசோவில் பாலே கிடையாது. நன்றாகப் பொடித்து, அழுத்திக் கெட்டித்த காபித் தூள் வழியாக, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள வெந்நீரைக் காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். அரை நிமிடத்துக்குள் சுமார் 30 மில்லி கெட்டியான காபி இறங்கிவிடும். இந்த முறையை ஒரே ஆள் ஒரே நாளில் கண்டுபிடிக்கவில்லை. டூரின் நகரத்து ஆஞ்சலோ மோரியோண்டோ 1884இல் ஆவியால் இயங்கும் காபி மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். அது மொத்தமாகக் காபி இறக்கும் மெஷின். மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்சேரா 1901இல் ஒவ்வொரு கோப்பையாக இறக்கும் வழியைக் கொண்டுவந்தார். இரண்டிலும் ஆவியின் அழுத்தம் மட்டுமே; அது போதவில்லை. அகில்லே கஜ்ஜியா ஆவியை விட்டுவிட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கைப்பிடியால் இழுத்து இயக்கும் பிஸ்டன் மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதுதான், எஸ்பிரசோவின் மேல் இன்று படியும் பொன்னிற நுரை பிறந்தது.

மண்டபத்துக் காபி மட்டம் என்று சொல்லவில்லை. அதிகாலைக் குளிரில் அந்த நுரை தரும் சுகம் உண்மையானது. அதை நுரைக் காபி என்று சொன்னால் சரியாக இருக்கும்.

"கப்புச்சினோவைக் கண்டுபிடித்தவர் ஒரு கத்தோலிக்கத் துறவி."

1683இல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்று ஓடியது. விட்டுப்போன காபி மூட்டைகளில் ஒன்றைப் பிரித்து, கசப்புத் தாங்காமல் பாலும் தேனும் கலந்தார் மார்கோ தவியானோ என்ற கப்புச்சின் துறவி. இப்படிப் போகிறது கதை. அந்தத் துறவி உண்மையானவர், முற்றுகைக் காலத்தில் படைகளுக்கு ஊக்கமூட்டியவர். காபிக் கதைக்கு மட்டும் ஆதாரம் இல்லை. கப்புச்சின் துறவிகளின் பழுப்பு அங்கி நிறத்தில் பால் கலந்த காபிக்கு வியன்னாக்காரர்கள் பின்னாளில் அந்தப் பெயரை வைத்தார்கள். இன்றைய கப்புச்சினோ எஸ்பிரசோ மெஷின் வந்த பிறகு இத்தாலியில் உருவானது. முற்றுகைக்கும் பெட்சேராவின் மெஷினுக்கும் நடுவே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது.

லாத்தே, கப்புச்சினோ, ஃப்ளாட் வொயிட் எல்லாம் எஸ்பிரசோவும் சூடான பாலும்தான். நுரை தடித்தால் கப்புச்சினோ, பால் கூடினால் லாத்தே, சின்னக் கோப்பையில் மெல்லிய நுரையோடு தந்தால் ஃப்ளாட் வொயிட். இந்தக் கடைசிக் காபிக்கு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் உரிமை கொண்டாடுகின்றன.

"டிகாக்‌ஷன் கறுப்பாக, கெட்டியாக இருந்தால் ஸ்ட்ராங் காபி."

அந்தக் கறுப்பும் கெட்டியும் பெரும்பாலும் சிக்கரியின் வேலை. சிக்கரி ஒரு செடியின் வேர், வறுத்துப் பொடித்தது. அதில் காஃபின் துளியும் கிடையாது. சிக்கரி கூடக் கூட நிறம் ஏறும், காபியின் வீரியம் இறங்கும். அது கலப்படமும் அல்ல: காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், கலப்பு விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. மளிகைக் கடையில் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

"காபிக்கும் நம் வறண்ட சீமைக்கும் சம்பந்தமில்லை."

என்னை அதிகம் வருத்துவது இந்த நம்பிக்கைதான். பாபா புதன் என்ற சூஃபி ஞானி ஏமனிலிருந்து ஏழு காபிக் கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்த கதை எல்லோருக்கும் தெரியும். நம் ஊர்க்காரர்கள் கடல் தாண்டிக் காபிக்காடு வெட்டிய வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலேயர் இலங்கையின் கண்டி மலைகளில் காடழித்துக் காபி பயிரிட்டார்கள். வேலைக்கு ஆள் போனது புதுக்கோட்டை சமஸ்தானம், திருச்சி, தஞ்சை, மதுரைச் சீமைகளிலிருந்து. மழை பொய்த்துக் கடன் ஏறிய குடும்பங்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திரட்டினார்கள். அம்மாபட்டினம், தொண்டி கரைகளில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. அந்த அம்மாபட்டினம் அன்று தஞ்சாவூர் மாவட்டம். 1974இல் நம் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது இங்கே சேர்ந்தது.

1869இல் இலைத்துரு நோய் இலங்கைக் காபியில் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலே அழிந்து, அதே மலைகளில் தேயிலை ஏறியது. பறிப்புக்காலம் முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் ஆண்டு முழுதும் வேலை கேட்கும் தேயிலைக்காகக் குடும்பத்தோடு அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அவர்களுடைய பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் குடியுரிமையைத்தான் 1948இல் இலங்கை பறித்தது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டு இரு நாடுகளுக்கும் பங்கிட்டதும் அவர்களைத்தான்.

"காபிக் கடைதான் எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது."

பாதி உண்மை. காபி கிளப்புகளில் பிராமணருக்குத் தனி இடம் ஒதுக்கிய காலம் நீண்டது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த அந்தப் பிரிவினை பெரியாரின் போராட்டத்துக்குப் பிறகு 1941இல்தான் எடுபட்டது. பட்டியல் சாதியினருக்குத் தனிக் குவளை அதற்குப் பின்னும் கிராமத்துக் கடைகளில் தொடர்ந்தது. எப்போதோ நடந்த கதை என்று ஒதுக்க வேண்டாம். 2022 டிசம்பரில், நம் மாவட்டத்து இறையூரில், மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் போன நாளில்கூட டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. கடைக்காரர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. தனிக் குவளையை வேறு எந்தக் கடையில் பார்த்தாலும் அதே சட்டத்தின்கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.