கிடார் சுருதி தவறுகிறதா? பிரிட்ஜைச் சரி செய்யுங்கள்!

எலக்ட்ரிக் கிடாரை யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி சாஃப்ட்வேரில் பதிவு செய்கிறீர்கள். ஆறு தந்திகளையும் சரியாக ட்யூன் செய்துவிட்டுத்தான் தொடங்கினீர்கள். ஆனால், 12ஆவது ஃபிரெட் பக்கம் வாசித்த கார்டு மட்டும் சுருதி விலகிக் கேட்கிறது. உடனே கம்ப்யூட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். கோளாறு கிடாரின் பிரிட்ஜில் இருக்கலாம்.

இதைச் சாஃப்ட்வேரில் திருத்த முடியாதா என்று கேட்கலாம். ஆடாசிட்டியின் சேஞ்ச் பிட்ச் எஃபெக்ட், நீங்கள் தேர்வு செய்த பகுதி முழுவதையும் ஒரே அளவில் மாற்றும். கார்டில் உள்ள ஒரு தந்தியை மட்டும் திருத்தாது. எனவே பதிவு செய்வதற்கு முன்பே சரி செய்வதுதான் வழி.

பிரிட்ஜில் தந்தி உட்காரும் சிறு துண்டுக்கு சேடில் என்று பெயர். 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் தந்திக்கு ஒரு சேடில் வீதம் ஆறு உண்டு. அதே ஆண்டு கிப்சன் அறிமுகப்படுத்திய ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜிலும் ஆறுதான். ஒவ்வொன்றையும் ஸ்குரூ மூலம் முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

ஏன் நகர்த்த வேண்டும்? தந்தியை ஃபிரெட்டில் அழுத்தும்போது அது சற்று இழுபடுகிறது. சுருதி கொஞ்சம் ஏறுகிறது. அதை ஈடுகட்டவே சேடிலைச் சற்றுப் பின்னால் தள்ளி வைக்கிறார்கள்.

செய்முறை:

1. பழைய தந்திகளை மாற்றிப் புதியவை போடுங்கள்.

2. முதலில் உயரத்தைச் சரி செய்யுங்கள். தந்தி மிகத் தாழ்ந்தால் ஃபிரெட்டில் உரசி இரையும். ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். மிக உயர்ந்தால் விரல் வலிக்கும். அழுத்தும்போது சுருதியும் அதிகம் ஏறும்.

3. கம்ப்யூட்டரில் ட்யூனர் சாஃப்ட்வேரைத் திறந்து, 5ஆவது தந்தியை அழுத்தாமல் மீட்டி 110 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்யுங்கள்.

4. அதே தந்தியை 12ஆவது ஃபிரெட்டில் மெதுவாக அழுத்தி மீட்டுங்கள். 220 ஹெர்ட்ஸ் வர வேண்டும்.

5. அதற்கு மேல் காட்டினால், தந்தியைத் தளர்த்திவிட்டு சேடிலைக் கழுத்திலிருந்து விலக்கி நகர்த்துங்கள். குறைவாகக் காட்டினால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள்.

6. ஒவ்வொரு முறையும் மீண்டும் ட்யூன் செய்து சோதியுங்கள். மற்ற தந்திகளுக்கும் இப்படியே செய்யுங்கள். எந்தத் தந்தியானாலும், 12ஆவது ஃபிரெட்டில் இரு மடங்கு ஹெர்ட்ஸ் வர வேண்டும் என்பதே கணக்கு.

ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜின் பின்னால் தனி டெயில்பீஸ் இருந்தால், அதைத் தாழ்த்தும்போது தந்திகள் சேடிலை மேலும் அழுத்தும். இதனால் தந்தி இறுகிவிட்டதாகச் சிலர் உணர்வார்கள். ஆனால், ட்யூன் செய்த தந்தியின் இழுவிசையை அதன் நீளம், எடை, சுருதி ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. தந்தி பிரிட்ஜின் பின்விளிம்பில் உரசாத அளவுக்கு டெயில்பீஸை உயர்த்தி வைத்தால் போதும்.

இப்போது அதே கார்டை மறுபடியும் பதிவு செய்து, பழைய பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.