பெண்களின் பிறப்புறுப்புத் தொற்றுநோய்களும் பஞ்சாயத்தின் கடமையும்

பயிரில் பூச்சி விழுந்தால் அன்றே மருந்து தேடுகிறோம். கறவை மாடு தீனி தின்னாவிடில் கால்நடை வைத்தியரை நாடுகிறோம். ஆனால் நம் இல்லத்துப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் தாங்கிவரும் பிறப்புறுப்புத் தொற்றுநோய்களைப் பற்றி நாம் கேட்பதுமில்லை, அவர்கள் கூறுவதுமில்லை. வெட்கத்திற்குரிய பொருளென்று இதனை ஒதுக்கிவிடலாகாது. குடும்பத்தின் நலனும் பிறக்கவிருக்கும் குழந்தையின் உயிரும் இதில் அடங்கியுள்ளன.

நோய்கள் எவ்வாறு உண்டாகின்றன?

பெண்ணின் பிறப்புறுப்பில் இயற்கையாகவே நன்மை செய்யும் கிருமிகள் வாழ்கின்றன. தயிரைப் புளிக்கச் செய்யும் கிருமிகளின் இனத்தைச் சேர்ந்த இவை, அவ்விடத்தைப் புளிப்பாக வைத்துத் தீய கிருமிகளை அண்டவிடாமல் காக்கின்றன. பயிர் அடர்ந்து நிற்கும் வயலில் களை தலைதூக்காது. பயிர் நலிந்தால் களை மண்டும். அதுபோலவே இந்தக் காவல் குறையும்போது வேறு கிருமிகள் பெருகி, துர்நாற்றத்துடன் நீர்த்த வெள்ளைப்படுதல் காண்கிறது. பிள்ளைப்பேற்றுப் பருவத்துப் பெண்களில் 100க்கு 23 முதல் 29 பேர் வரை இந்நிலைக்கு ஆளாகியிருப்பதாக உலகளாவிய ஆய்வுகளின் தொகுப்பு தெரிவிக்கிறது. சோப்பும் கிருமிநாசினியும் கொண்டு உட்புறத்தைக் கழுவுவது நற்கிருமிகளையே அழித்துவிடும்.

மற்றொரு வகை, உடலுறவால் பரவும் வெட்டை நோய், கிளமிடியா, கிரந்தி ஆகியவை. கிளமிடியா பெரும்பாலான பெண்களில் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. 2020இல் மட்டும் உலகில் சுமார் 12 கோடியே 85 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகத் தொற்றியதென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

கணக்கு கூறும் உண்மை

மகப்பேறு மருத்துவமனைக்கு வரும் பெண்களில் இத்தனை பேருக்குத் தொற்று என்று வெளியாகும் கணக்குகளை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். உதாரணமாக, 1,000 பெண்கள் உள்ள ஊரில் 50 பேர் மருத்துவமனைக்குச் சென்று, அவர்களில் 20 பேருக்குத் தொற்று காணப்பட்டதாகக் கொள்வோம். ஊரில் 100க்கு 40 பேருக்கு நோயென்று கூறுவது தவறு; ஏனெனில் சென்றவர்கள் பெரும்பாலும் தொல்லை கண்டவர்கள். ஊரில் 20 பேருக்கே நோயென்று கூறுவதும் தவறு. செல்லாத 950 பேரின் நிலையை அக்கணக்கு அறியாது.

அந்த மறைந்த பகுதியை வெளிக்கொணர்ந்தது மகாராஷ்டிர மாநிலத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் நடந்த ஆய்வாகும். டாக்டர் ராணி பங் அவர்களும் குழுவினரும் இரு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, முடிவுகளை 1989இல் வெளியிட்டனர். நூற்றுக்கு 92 பேருக்கு ஏதேனுமொரு பெண்பிணி இருந்தது. நோய்களில் பாதி பிறப்புறுப்புத் தொற்றுக்களே. ஆயினும் முன்னர் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேரே! இவை அவ்விரு கிராமங்களின் எண்கள். எல்லா ஊர்களுக்கும் அப்படியே பொருந்துமென்று கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் மருத்துவமனைக்கு வராமையை நோயின்மையென்று எண்ணலாகாது என்னும் பாடம் எங்கும் பொருந்தும்.

கவனியாவிடில் நேரும் தீங்கு

வெட்டை நோயும் கிளமிடியாவும் கருப்பைக்கும் கருக்குழாய்களுக்கும் பரவினால் தீராத அடிவயிற்று வலியும் மலட்டுத்தன்மையும் ஏற்படலாம். கருக்குழாயிலேயே கரு தங்கித் தாயின் உயிருக்கும் ஆபத்து நேரலாம். கர்ப்பிணியின் கிரந்தி குழந்தையைக் கருவிலேயே கொல்லக்கூடும். குழந்தையில்லையென்று பெண்ணைப் பழித்து ஒதுக்கும் வீட்டில், நோயைக் கொண்டுவந்தவர் கணவராகவே இருக்கவும் கூடும். ஆகவே உடலுறவால் பரவும் நோய் கண்டால் கணவன், மனைவி இருவரும் ஒருசேரச் சிகிச்சை பெறுதல் இன்றியமையாதது. ஒருவர் மட்டும் மருந்துண்டால் மற்றவரிடமிருந்து நோய் திரும்பி வரும். எல்லா வெள்ளைப்படுதலும் உடலுறவால் வருவதன்று. ஆதலால் சோதியாமல் எவர் ஒழுக்கத்தையும் ஐயுறுதல் பெருந்தவறு.

நாம் செய்யத்தக்கவை

இந்நோய்கள் குணமாகக்கூடியவை. உரிய மருந்தை, வைத்தியர் கூறிய நாட்கள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் அரைகுறை மருந்து கிருமிகளை வலுப்படுத்தும். கர்ப்பிணிகள் யாவரும் தொடக்கத்திலேயே கிரந்திக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம். பெனிசிலின் ஊசியால் தாயையும் சேயையும் காக்கலாம்.

அரசியல் சட்டத்தின் 11ஆம் அட்டவணை சுகாதாரத்தையும் மகளிர் நலத்தையும் பஞ்சாயத்துக்களுக்குரிய துறைகளில் சேர்த்துள்ளது. ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் பெண் வைத்தியர் எந்நாட்களில் வருகிறார், மறைவாகப் பரிசோதிக்கத் தனி அறை உண்டா என்பவற்றை உறுப்பினர்கள் விசாரித்தறிந்து, குறையிருப்பின் தீர்மானம் நிறைவேற்றி மேலிடத்திற்கு அனுப்பலாம். கழிப்பிடத்திற்கும் குளிப்பிடத்திற்கும் தண்ணீர் வசதி செய்யலாம். கிராம சுகாதார செவிலியரைக் கொண்டு மகளிர் குழுக்களில் இதனை விளக்கச் செய்யலாம். எவர் சிகிச்சைக்குச் சென்றார் என்ற செய்தி ஊரில் பரவாமல் காப்பதும் உறுப்பினர்களின் பொறுப்பே. அந்நம்பிக்கை இருந்தால்தான் பெண்கள் வருவார்கள்.

விவசாய அன்பர்கள் இன்றே தம் இல்லத்தில் இதுபற்றிப் பரிவோடு வினவுவார்களாக. துணைக்கு ஒருவர் உடன் வந்தால் மருத்துவமனைக்குச் செல்லச் சித்தமாயிருக்கும் பெண்கள் நம் ஊர்களில் பலர் உளர்.