சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை சிங்கப்பூரில் பணிபுரிகிறார். விடுமுறைக்கு அவர் வரும் விமானம் அங்கே மாலை 6 மணிக்குப் புறப்பட்டு, சென்னைக்கு இரவு 7.30 மணிக்கு வந்து சேருமாம். "ஒன்றரை மணிப் பயணம்தானா!" என்று அவள் மகிழ்ந்தாள். நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம்.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும் 3 மணி 25 நிமிடம் ஆகும். மேலேறவும் கீழிறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ 4 மணி. மீதி இரண்டரை மணி எங்கே போயிற்று?

அது கடிகாரங்களின் வித்தியாசம். பூமி 1 பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையிலும், சிங்கப்பூர் 104 பாகையிலும் உள்ளன. 24 பாகைக்கு 96 நிமிடம்தானே வரவேண்டும்? ஆனால் இந்திய நேரம் 82½ பாகையைப் பின்பற்றுகிறது. சிங்கப்பூரோ 1982 முதல் 120 பாகைக்குரிய நேரத்தை ஏற்றுக்கொண்டது. ஆகவே வித்தியாசம் இரண்டரை மணி. பயண நேரம் அறிய, கிழக்கே செல்கையில் இதைக் கழிக்கவேண்டும். மேற்கே வருகையில் கூட்டவேண்டும்.

விடையைக் கண்ட தோழி மௌனமானாள். "தினமும் இரவு 9 மணிக்கு அப்பாவுடன் பேசுவேன். அங்கே அப்போது 11.30! தூக்கம் வருகிறதென்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றாள்.

இப்போது அவள் 7 மணிக்கே பேசிவிடுகிறாள். கணக்குப் பாடம் எதற்கு உதவும் என்று நாங்கள் இனிக் கேட்கமாட்டோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்